திறக்க முடியாத பெட்டி!

பழமைக்கும் நமக்கும் ஒத்துவராது. ஊரறிந்த செய்தி இது. "அந்தக் காலத்திலே..." என்று எவரேனும் பெருமூச்சுடன் துவக்கினால், "எந்தக் காலத்திலே? எவருடைய காலத்திலே?" என்று குறுக்கே கேட்டுவிடுவது நம் தோழர்களின் பழக்கம். கேட்டுக் கேட்டுத்தான் தெருவிலே நடந்தோம். கேட்டுக் கேட்டுத்தான் பள்ளிக்கூடத்துப் படி ஏறினோம். பழமை என்ற சொல் காதிலே விழுந்தாலே, நம் கை தானாகச் சட்டைக் கையை மடித்துவிடும்!

அப்படிப்பட்ட நான், சென்ற மாதம் கரூரிலே, பழம்பொருள் நிரம்பிய ஓர் அறையிலே, மூன்று மணி நேரம் மெய்மறந்து உட்கார்ந்திருந்தேன் என்றால் தோழர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு, நான் கண்டதையும் கேட்டதையும் சொல்கிறேன்.

அன்று மழை. மாலைப் பொதுக்கூட்டம் மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. மேடைக்கு வந்தவன் மேடையில்லாமல் நின்றதைப் பார்த்து இரக்கப்பட்ட உள்ளூர்த் தோழர் ஒருவர், "வாங்க, நம்ம அண்ணன் கடைக்குப் போவோம். கம்ப்யூட்டர் பைத்தியம், ஆனால் நல்ல பைத்தியம்" என்று அழைத்துச் சென்றார்.

அண்ணனுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. கடையின் முன்பக்கம் ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், வேலைவாய்ப்பு விண்ணப்பம். பின்பக்கம்தான் அவருடைய உலகம். தமிழ்த் தட்டச்சுப் பொறி ஒன்று, துணி போர்த்தி. அதன் பக்கத்திலே, வெள்ளையாகப் பிறந்து மஞ்சளாக மூப்படைந்த கணிப்பொறிகள் நான்கு. ஒரு பிஸ்கட் டின் நிறையப் பிளாப்பிகள். அச்சடிக்கும்போது தெருமுனை வரை கேட்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். வயிற்றிலே ரப்பர் உருண்டை உருளும் மௌஸ். எல்லாம் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் வேலை செய்தன!

"ஏன் அண்ணே, இயக்கத்துக்காரர் வீட்டிலே இவ்வளவு பழமையா?" என்று சீண்டினேன்.

"பழசு வேற, பழமை வேறங்க தம்பி. பழசைத் துடைச்சு வெச்சுக்கலாம். பழமை அப்படியா? அதைக் கும்பிடச் சொல்லுவாங்க" என்றார், கண்ணாடியைத் துடைத்தபடி.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மனிதர் நம்மவர்தான்!

அவருடைய தந்தை அச்சுக் கோப்பவர். டிரெடில் அச்சகத்திலே, ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரியாக்கி, பக்கமாக்கி, இரவு பத்து மணிக்கு விரல் கறுத்து வீடு திரும்பியவர். நம் இயக்கத்தின் துண்டறிக்கைகள் எத்தனையோ அவர் விரலிடுக்கிலே பிறந்தவை. தமிழ் அச்சுப் பெட்டியிலே அறைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? போதாக்குறைக்கு, ணா, றா, னா முதலியவற்றுக்குச் சுழி போட்ட தனி எழுத்து, ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் துதிக்கை வைத்த தனி எழுத்து, இப்படிப் பதின்மூன்று. "இவை எதற்கு?" என்று கேட்டு, 1935இலேயே தம் 'குடி அரசு' ஏட்டிலே மாற்றிக் காட்டினார் பெரியார். தமிழ்நாட்டு அரசு அதை ஆணையாக்கியது 1978இல். இடையே நாற்பத்து மூன்று ஆண்டு! நாற்பத்து மூன்று ஆண்டும் அச்சுக் கோப்பவன் கை அந்தத் துதிக்கைகளைத் தேடிக்கொண்டிருந்தது.

ஆணை வந்த பிறகும், திருமண அழைப்பிதழ் அடிக்க வந்த சிலர், "லைக்குப் பழைய கொம்பே போடுங்கள், அதுதான் மங்களம்" என்று கேட்டார்களாம்! அண்ணனின் தந்தை சொல்வாராம்: "மங்களம் அவங்களுக்கு, கண் வலி எனக்கு."

பழைய எழுத்தின் அழகைப் பற்றிப் பேசியவர் பலர். அந்த அழகைப் பொறுக்கி எடுத்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டவர் எத்தனை பேர்?

இனிமேல்தான் கதை கசக்கிறது. மகன் தட்டச்சு கற்றார். ஏ எஸ் டி எஃப் என்று ஆங்கிலத்திலும், ய ள ன க என்று தமிழிலும் விரல் தேய அடித்து, லோயரும் ஹையரும் தேறினார். யாழ்ப்பாணத்திலே பிறந்த முத்தையா என்ற தமிழர் நம் மொழிக்குத் தட்டச்சுப் பலகை வகுத்துத் தந்திராவிட்டால், அந்தப் பிழைப்பும் இருந்திராது. பிறகு, 1994இலே, மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, கடனும் வாங்கி, கணிப்பொறி ஒன்றும் லேசர் பிரிண்டர் ஒன்றும் வாங்கி டி.டி.பி. துவக்கினார். பட்டர் பேப்பரிலே பக்கம் அச்சாகி வரும். அதை ஆப்செட் அச்சகத்துக்கு அனுப்பிவிடலாம். ஈயம் வேண்டாம், பெட்டி வேண்டாம், அச்சுக் கோப்பவரும் வேண்டாம்!

எவரும் வேண்டாம் என்று ஆனவர்களிலே ஒருவர், அந்த வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். தந்தை!

"அப்பா என்ன சொன்னார், அண்ணே?"

"மூணு நாள் பேசலை. நாலாம் நாள் உள்ளே வந்தார். திரையிலே எழுத்தைப் பார்த்தார். 'இது கையிலே ஒட்டாதா?'ன்னு கேட்டார். ஒட்டாதுங்கப்பான்னேன். 'அப்ப சரி'ன்னு போய்ட்டார். அப்புறம் சாகிற வரைக்கும் எனக்குப் புரூஃப் பார்த்தது அவர்தான்."

இதைச் சொல்லும்போது அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. தட்டச்சுப் பொறியின் மேலிருந்த துணியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

தோழர்களே, இயந்திரம் வந்தால் வேலை போகும் என்று ஒரு சாரார் அஞ்சினர். வங்கிகளிலே கணிப்பொறி நுழைந்தபோது, 1980களிலே, தொழிற்சங்கங்கள் போராடின, பேசின, உடன்பாடும் கண்டன. அஞ்சியவர்களை எள்ளி நகையாடுகிறவர்கள், அந்தத் திண்ணையிலே மூன்று நாள் பேசாமல் உட்கார்ந்திருந்த மனிதரை நினைத்துப் பார்க்கட்டும். இயந்திரத்தை வணங்குகிறவர்களும் சரி, இயந்திரத்தைச் சபிக்கிறவர்களும் சரி, அவரிடம் மட்டும் வந்து பேசவில்லை.

அந்த நாளையக் கணிப்பொறித் தமிழ் எப்படி இருந்தது தெரியுமா? இன்று நாற்பது வயதைத் தாண்டிய தோழர்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் எழுத்துரு. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு. ஒருவன் 'க' வைத்த இடத்திலே இன்னொருவன் 'ழூ' வைத்திருப்பான். 1996 தேர்தலின்போது, அண்ணன் கூட்ட அறிவிப்பு ஒன்றைப் பிளாப்பியிலே ஏற்றி ஈரோட்டு அச்சகத்துக்குப் பேருந்திலே அனுப்பியிருக்கிறார். அங்கே அந்த எழுத்துரு இல்லை. திறந்தால், தலைவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்திலே டாலர் குறியும் வியப்புக்குறியும்! "எதிர்க்கட்சி அடிச்ச நோட்டீஸ் மாதிரி இருந்துச்சுங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இரவோடு இரவாக அவரே பேருந்து ஏறிப்போய் மீண்டும் அடித்துக் கொடுத்திருக்கிறார்.

ஆகவேதான், "அந்தக் காலத்துக் கணிப்பொறியே பொற்காலம்" என்று எவரேனும் உருகினால், அண்ணன் முதலில் பிளாப்பி ஒன்றை எடுத்துக் காட்டுகிறார். 1.44 மெகாபைட். இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரு படம் பெரும்பாலும் அதிலே அடங்காது. ஈரப்பதம் பட்டால் பூஞ்சை. காந்தம் பட்டால் காலி. இதற்கா ஏங்குவது? (ஆனால், ஏங்குகிறவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. தொழில்நுட்பத்தின் தாயகம் என்று நாம் புகழும் ஜப்பானிலே, அரசு தன் விதிமுறைகளிலிருந்து பிளாப்பியைக் களைந்து முடித்ததே 2024இல்தான்!)

எழுத்துருக் குழப்பத்துக்கு வழி கண்டது தனி மனிதர் ஆர்வமும் அரசின் முனைப்பும் கைகோத்தபோதுதான். சிங்கப்பூர், மலேசியா, கனடா, ஈழம் எங்கும் தமிழார்வலர்கள் தத்தம் வீட்டு மேசையிலே தனித்தனியே உழைத்துக்கொண்டிருந்தார்கள். கலைஞர் ஆட்சியிலே, 1999 பிப்ரவரியில், சென்னையிலே கூடிய தமிழிணைய மாநாடு அவர்களை ஒரே கூடத்தில் உட்கார வைத்தது. தமிழ்99 விசைப்பலகை பிறந்தது. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. 'க'வை இருமுறை தட்டினால் முதலாவதன் தலையிலே தானே புள்ளி விழும்! பிறகு 2010இல், கோவையிலே செம்மொழி மாநாடு நடந்த நாளையொட்டி, உலகெங்கும் வழங்கும் ஒருங்குறியை அரசு தரமாக ஏற்றது. இன்று கரூரிலே தட்டிய 'க', கனடாவிலும் 'க'வாகவே படிக்கப்படுகிறது. இந்த நன்மையை விட்டுவிட்டு 1996க்குப் போக அண்ணன் ஒப்பவில்லை. நானும் ஒப்பவில்லை.

எனக்கும் ஓர் ஏக்கம் உண்டு, மறைப்பானேன்? பள்ளித் தேர்வு முடிவு பார்க்க, பிரவுசிங் சென்டர் வாசலிலே நண்பர்களோடு வரிசையிலே நின்ற நாள். உள்ளே ஒரே ஒரு கணிப்பொறிதான் ஒழுங்காக இயங்கும். எண்ணைச் சொன்னால் கடைக்காரர் தட்டுவார். பக்கம் மெல்ல, மேலிருந்து கீழாக, வரி வரியாக இறங்கும். மதிப்பெண் வருவதற்குள் உயிர் போய் உயிர் வரும். இனிய நினைவுதான். ஆனால், அந்த வரிசையிலே எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தியும் இல்லை. அவர்கள் முடிவை அண்ணனோ தந்தையோ பார்த்து வந்து சொன்னார்கள். மணிக்கு இவ்வளவு என்று கொடுக்கக் காசில்லாத நண்பன், எங்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத் தன் தோல்வியைத் தெரிந்துகொண்டான். நினைவு என்பது இப்படித்தான்; உள்ளே இருந்தவனுக்கு அது இனிக்கும், வாசலிலே நின்றவனை அது மறந்துவிடும்.

அப்படியானால், அண்ணன் எதற்காக இவற்றைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்? அதைத்தான் கேட்டேன்.

பதில் சொல்லவில்லை. மிகப் பழைய கணிப்பொறியின் விசையைப் போட்டார். காற்றாடி உறுமியது. கறுப்புத் திரையிலே 'சி' என்று ஓரெழுத்து, ஒரு முக்காற்புள்ளி, ஓர் அம்புக்குறி. அதன் அருகே கண் சிமிட்டும் சிறு கோடு. அவ்வளவே. படம் இல்லை, பாட்டு இல்லை, விளம்பரம் இல்லை.

"பார்த்தீங்களா தம்பி? இது என்ன சொல்லுது? 'நீ சொல்லு, நான் செய்யறேன்.' நாம பேசற வரைக்கும் இது வாயைத் திறக்காது. ராத்திரி முழுக்க விட்டாலும் இப்படியே சிமிட்டிட்டு நிக்கும்."

பிறகு, பக்கத்திலிருந்த இன்னொன்றின் மூடியை, நான்கு திருகாணியைக் கழற்றித் திறந்தார். நினைவகச் சில்லு இது, தட்டு இது, மின்வழங்கி இது என்று தொட்டுத் தொட்டுக் காட்டினார். எது பழுதானாலும் அவரே மாற்றியிருக்கிறார். ஈரோட்டிலே வாங்கியது ஒன்று, சென்னை ரிச்சி தெருவிலே பழையதாகப் பிடித்தது ஒன்று. முப்பது ஆண்டுக்குப் பின்னும் அது ஓடுகிறது.

இப்போது அவர் கைப்பேசியை எடுத்து மேசையிலே வைத்தார். திருகாணி இல்லை. விளிம்பிலே நகம் நுழைய இடமில்லை. முன்பெல்லாம் கைப்பேசியின் முதுகை நகத்தால் நெம்பினால் போதும். பேட்டரி கையோடு வரும், கடையிலே வேறொன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். இன்று பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். பேட்டரி தளர்ந்தால், முழுக் கைப்பேசியையும் மாற்று என்கிறார்கள். உழைத்த காசிலே வாங்கியவன் நீ. ஆனால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க உனக்கு உரிமை இல்லை!

கருவறைக்கு வெளியே நில், உள்ளே வராதே, என்ன நடக்கிறது என்று கேட்காதே, காணிக்கையை மட்டும் போடு. இந்தக் குரலை நாம் வேறெங்கோ கேட்டதில்லையா, தோழர்களே?

இது நம் ஊர் வழக்கு மட்டுமல்ல. அமெரிக்காவிலே ஸ்டால்மன் என்றொருவர். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்து ஆய்வுக்கூடத்திலே பணிபுரிந்தவர். 1980 வாக்கிலே அங்கே ஒரு புதிய பிரிண்டர் வந்தது. அடிக்கடி காகிதம் சிக்கும். முந்தைய இயந்திரத்தின் நிரலைத் திருத்தி, காகிதம் சிக்கினால் செய்தி வருமாறு செய்து வைத்திருந்தவர் அவர். புதியதற்கும் அப்படியே செய்ய நிரலைக் கேட்டார். வைத்திருந்த பேராசிரியரோ, கொடுப்பதில்லை என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று மறுத்துவிட்டார். சிக்கிய காகிதத்துக்கே இந்தக் கெடுபிடியா என்று எழுந்த சினம், 1983இல், எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்னும் மென்பொருள் இயக்கமாக வளர்ந்தது. அதே அமெரிக்காவிலே, தன் டிராக்டரைத் தானே பழுதுபார்க்க முடியவில்லையே என்று உழவர்கள் குமுறினார்கள்; கொலராடோ மாநிலம் அவர்களுக்கு உரிமை தரும் சட்டத்தை 2023இல் இயற்றிற்று. அதே ஆண்டிலே ஐரோப்பிய ஒன்றியம், கைக்கருவிகளின் பேட்டரியை உடைமைக்காரரே மாற்றிக்கொள்ளும்படி அமைத்தாக வேண்டும் என்று சட்டம் செய்து, 2027 பிப்ரவரி என்று நாளும் குறித்தது. நம் ஒன்றிய அரசோ 2022இல் குழு ஒன்று போட்டது, இணையதளமும் திறந்தது. திறக்க வேண்டிய பெட்டி வேறு என்று எவரேனும் எடுத்துச் சொன்னால் நல்லது!

பேசிக்கொண்டிருக்கும்போதே, மழையில் நனைந்த ஓர் இளைஞன் உள்ளே வந்தான். அண்ணனுடைய அக்காள் மகன். பட்டப்படிப்பு முடித்தவன், இரு சக்கர வண்டியிலே வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று கைப்பேசியை நீட்டினான். ஆங்கிலத்திலே ஒரு வரி: உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.

அவ்வளவுதான். ஏன்? பதில் இல்லை. எவர் முடக்கியது? பெயர் இல்லை. எவரிடம் முறையிடுவது? ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்றது. நான்கு ஆண்டாக வெயிலிலும் மழையிலும் ஓடியவனுக்கு, ஒரு மேலாளரின் முகம்கூடத் தெரியாது. மில்லிலே வேலை பார்த்தவனுக்கு மேஸ்திரி இருந்தான், கொடுமைக்காரனாக இருந்தாலும், வாசலை மறித்து "ஏனய்யா நிறுத்தினாய்?" என்று கேட்க ஒரு மனிதன் இருந்தான். இவன் எந்த வாசலை மறிப்பான்? கண்ணாடித் தகட்டையா?

அண்ணன் இரண்டு பெட்டிகளையும் பார்த்தார். ஒன்று மனிதன் கட்டளைக்காகச் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது. மற்றொன்று மனிதனுக்குக் கட்டளையிடுகிறது: இங்கே போ, இத்தனை நிமிடத்தில் போ, இனி வராதே!

"நான் ஏங்கறது அந்த மஞ்சப் பெட்டிக்கு இல்லைங்க தம்பி" என்றார் மெதுவாக. "ஏன்னு கேட்டா சொல்லுச்சே, அதுக்கு."

ஆம். இவனுக்கு நலவாரியம் 2023இல் தமிழ்நாட்டிலே அமைந்தது. வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். விபத்துக்கு உதவி வேண்டும், வண்டிக்கு மானியம் வேண்டும். ஆனால், அவை போதா. கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டத்திலே, காரணத்தை எழுத்திலே சொல்லி, பதினான்கு நாள் முன்னறிவிப்புக் கொடுத்த பிறகே இத்தகைய தொழிலாளியை நீக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். எந்தக் கணக்கின்படி வேலை கொடுக்கிறது, எந்தக் கணக்கின்படி நிறுத்துகிறது என்று அந்தப் பொறியைக் கேட்கவும் வழி செய்திருக்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? பகுத்தறிவுப் பாசறை என்று மார்தட்டும் மண்ணிலே, 'ஏன்' என்ற கேள்விக்குச் சட்டத்திலே இடம் கேட்க நமக்கென்ன தயக்கம்? மாவட்டந்தோறும் இந்த இளைஞர்களைத் தேடிப்பிடித்துச் சங்கத்திலே சேருங்கள். அவர்கள் தேநீர்க்கடை நிழலிலே, ஒரே நிறச் சட்டையிலே, ஒருவரை ஒருவர் அறியாமல் நிற்கிறார்கள். இதை மேடையிலும் பேசத்தான் போகிறேன்.

அன்றிரவு அண்ணன் தட்டச்சுப் பொறியின் துணியை நீக்கி, தமிழிலே ஒரு மனு அடித்தார். கணிப்பொறியிலே அடிக்கலாமே என்றேன். "மின்சாரம் போயிடுச்சுங்க" என்றார். உண்மைதான், மழையிலே போயிருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்திலே, ஒரு பிழையும் இல்லாமல், ஒன்றரைப் பக்கம். தொழிலாளர் துறைக்கு ஒரு படி, கம்பெனிக்கு ஒரு படி, சங்கத்துக்கு ஒரு படி. கம்பெனிக்கு அனுப்ப முகவரி வேண்டுமே! கைப்பேசியைத் தடவித் தடவி, பெங்களூரிலே ஓர் அலுவலகத்தின் பெயரைக் கண்டுபிடிக்க நள்ளிரவாயிற்று.

நேற்று அண்ணனிடம் தொலைபேசியிலே கேட்டேன். பதிவுத் தபாலின் ஒப்புகைச் சீட்டு வந்துவிட்டதாம், பதில் வரவில்லை. பையன் இப்போது பேருந்துக்குக் கூண்டு கட்டும் பட்டறையிலே தினக்கூலிக்குப் போகிறான். மாலையிலே கடைக்கு வந்து, பழைய பெட்டி ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம்.